மணிக்குள் இல்லாத பெயர்

'லியாண்ட்ரா' போர்க்கப்பலில் நான் கொதிகலனுக்குக் கரி தள்ளியவன். இப்போது கப்பல் உடைக்கும் தளத்தில் அவளையே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்துக் கரையில் வேறு வேலை கிடைக்காத வருடம் அது.

குரூசர் ரகத்தில் வேகமான சின்னக் கப்பல் அவள். போர் முழுக்க வட கடலில் ஓடினாள். ஒரு மே மாதச் சண்டையில் கொதிகலன் அறையில் குண்டு வாங்கினாள். பிறகு பால்டிக் பனியில் உரசி வந்தாள், பயிற்சிப் பையன்களைச் சுமந்தாள், கடைசியில் பழைய இரும்பாக எடைக்குப் போனாள்.

அந்தக் குண்டில் இறந்த எர்னஸ்ட் டோசரின் மனைவி ஹெஸ்டர், பிளிமத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தாள்.

"என்னடா மக்லீஷ், இன்னொரு விதவையா?" என்றார் மேஸ்திரி டக்கல். "போன வாரம் ஒருத்தி குழாயைக் கேட்டா. இந்தம்மா பாய்லரைக் கேப்பாங்களா?"

"பாய்லர் என் வீட்டு வாசல்ல நுழையாதுங்க. கப்பல் மணியைப் பார்த்துட்டுப் போயிடறேன்" என்றாள் ஹெஸ்டர்.

மாலுமியின் குழந்தைக்குக் கப்பலிலேயே ஞானஸ்நானம் கொடுப்பது எங்கள் வழக்கம். மணியைத் தலைகீழாகப் பிடித்து அதில் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு குழந்தையின் பெயரை மணியின் உட்புறத்தில் வெட்டுவார்கள். அவள் மகள் ஐவிக்கு 1914 ஜூலையில் அப்படித்தான் நடந்தது. நான்கு வயதில் விஷக்காய்ச்சல் ஐவியைக் கொண்டுபோனது. பொதுக் குழி, கல் வைக்கவில்லை.

"அவ பேரு எழுதியிருக்கிற இடம் இது ஒண்ணுதான்" என்றாள்.

வெண்கலக் குவியலில் கிடந்த மணியைப் புரட்டிக் கொடுத்தேன். விளக்கை உள்ளே பிடித்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இல்லையே."

எனக்குக் காரணம் தெரியும். ஞானஸ்நானம் முடிந்த சில நாட்களிலேயே போருக்குக் கிளம்பிவிட்டோம். திரும்பி வந்து வெட்டுகிறேன் என்றான் கப்பல் கொல்லன். துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் வேறு அவசரம். கடைசியில் அவனும் எர்னஸ்ட்டும் ஒரே குண்டில் போனார்கள். அதைச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரரு லீவுல வந்தப்ப, அழகா வெட்டிட்டாங்க ஹெஸ்டர், பக்கத்துல ஒரு பூ கூடப் போட்டிருக்காங்கன்னு சொன்னாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பூவாம், பூ. அந்த மனுஷனுக்குப் பொய்யே வராதுன்னு நெனச்சிருந்தேன்."

நான் உளியை எடுத்தேன்.

"டேய், மத்தியானம் உலைக்குப் போற சாமான் அது" என்றார் டக்கல். "வித்தாச்சு, என்னால கொடுக்க முடியாது. அதுல பேரு வெட்டி என்ன ஆகப்போவுது?"

"உலைக்கே போகட்டுங்க. பேரோட போகட்டும்" என்றாள் ஹெஸ்டர்.

டக்கல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நகர்ந்தார்.

நான் கொல்லன் இல்லை. எழுத்துகள் கோணலாக வந்தன. பூவும் போட்டேன், முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தாள்.

மத்தியானம் மணி வண்டியில் ஏறியது. உளியில் உதிர்ந்த வெண்கலச் சுருள்களை அவள் ஒன்று விடாமல் தரையிலிருந்து பொறுக்கினாள். அவற்றைக் கையுறைக்குள் போட்டு, அதன் வாயை முடிந்துகொண்டு, ரயிலுக்கு நடந்தாள்.