தோடம்பழக் கலர்

சுன்னாகத்துத் துணிக்கடையில் ஜெயகௌரி கைப்பைக்குள்ளிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்த நிறத்திலை தடிச்ச துணி வேணும். கொஞ்சமும் மாறக்கூடாது" என்றாள். கடையில் நின்ற பெண் பழத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பச்சைத் துணிகளாக இறக்கிப் போட்டாள். இருபது வருடமாகத் தையல் மெஷின் மிதிப்பவளுக்கு நிறம் பொருத்துவது ஒரு காரியமா? ஏழாவது துணியில் பழத்தை வைத்தபோது பழம் எது, துணி எது என்று தெரியவில்லை. அதையே வெட்டச் சொன்னாள்.

துணி, கனடாவில் இருக்கும் தம்பி லக்ஷனுக்கு. கார்த்திகையில் அங்கே மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. கூட வேலை செய்பவர்களோடு முதல்முறையாகப் போகிறான். காட்டுக்குள் எல்லாரும் ஒரே நிறத்தில் கையில்லாத மேற்சட்டை போடவேண்டும் என்பது சட்டமாம். கடையில் வாங்கினது அவனுடைய இடது தோளில் நிற்காமல் வழுக்குகிறது. "தோடம்பழக் கலர் அக்கா. அளவு உங்களுக்குத் தெரியும்தானே" என்று போனில் பேசி அனுப்பியிருந்தான்.

தெரியாமல் என்ன? அந்தத் தோள் இறங்கியதே அவளால்தான். வன்னியில், போரின் கடைசி நாட்களில், ஷெல் விழுந்தபோது அவள்மேல் பாய்ந்து படுத்தவன் அவன். அப்போது பதினேழு வயது. அவனுக்கு எலும்பு சரியாகப் பொருந்தவில்லை, அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. நன்றி சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறாள். அவன் கதையை மாற்றிவிடுவான். ஆகவே தைத்தாள். இடது தோளை ஒன்றேகால் அங்குலம் இறக்கி, உள்ளே இரட்டை மடிப்பு வைத்து, மூன்று நாளாக ஊராருடைய சட்டை ஒன்றையும் தொடாமல் தைத்தாள். வள்ளியம்மையைப் பெற்ற மான் இனத்தையல்லவா சுடப்போகிறான் என்று நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. அதனால் மான் கிடைக்கவேண்டும் என்று அவள் கும்பிடவில்லை. அவன் பத்திரமாகத் திரும்பினால் போதும்.

பார்சல் அனுப்புகிற நாள் காலையில், முற்றத்துத் தோடை மரத்தில் சட்டையைக் கொழுவிவிட்டு வீடியோவில் அழைத்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"எது அக்கா?"

"சட்டையடா. மரத்திலை."

"மரம் தெரியுது. சட்டை எங்கை?"

போனைக் கிட்டக் கொண்டுபோனாள். இன்னும் கிட்ட. கண்டுபிடித்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அக்கா, இஞ்சை தோடம்பழம் பச்சை இல்லை. நான் சொன்னது ஒரேஞ்ச் கலர்!"

"அப்ப ஒரேஞ்ச் எண்டு சொல்லியிருக்கலாமே! தோடம்பழம் பச்சைதானே. நீ புடுங்கித் திண்ட மரம்தானே இது? வேட்டைக்குப் போறவன் மரத்தோடை மரமாத்தானே நிக்கவேணும்."

"மானுக்கு அந்த நிறம் பிடிபடாது. அது மனிசருக்கு. என்னை மான் எண்டு நினைச்சு ஆரும் சுடாமல் இருக்க."

ஜெயகௌரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். பார்சலைப் பிரித்ததும் அவன் கண்டிருப்பான் என்று புத்தி சொன்னது. ஆனால் அக்கா தைத்தது என்பதற்காகவே அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகக்கூடியவன் அவன். நல்லூரானே, நல்லகாலம், இன்றைக்கே போன் எடுத்தேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, அண்டைக்கு நீ எனக்கு மேலை படுக்காட்டி..."

"அக்கா, தபால் பிந்தப்போகுது. கெதியாத் தையுங்கோ."

சரியான துணி ரவுணில் நாலாவது கடையில்தான் கிடைத்தது. றோட்டு வேலை செய்பவர்கள் போடுகிற, கண்ணைக் குத்துகிற நிறம். மூன்றாம் நாள் பின்னேரம் சட்டை முடிந்தது. இந்தமுறை அவள் போனை நம்பவில்லை. தானே மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினாள். கிணற்றடியில் பாத்தி கட்டிக்கொண்டிருந்த புருசன் சிவரூபன் நிமிர்ந்தான்.

"இதென்ன கோலம்?"

"தெரியுதோ?"

"உடுவில் ஊர் முழுக்கத் தெரியுது. கழட்டு!"

அவள் கழற்றவில்லை. வரம்பில் நடந்து பனைகளடியில் நின்றாள். "இப்ப?"

"ஓம், தெரியுது!"

இன்னும் நடந்தாள். அடுத்தவன் தோட்டத்தையும் தாண்டி, மழை இருட்டிக்கொண்டு வந்த பக்கமாகப் போய், திரும்பி நின்று கத்தினாள். அவன் சொன்ன பதில் கேட்கவில்லை. ஆனால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.