மாட்டேன் என்பதற்குக் கட்டமில்லை

ஸ்பேனர் என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பட்டப்பெயர். லிஃப்ட் மெக்கானிக்காக அவள் வேலையில் சேர்ந்த அன்று கிண்டலுக்கு வைத்தது, பன்னிரண்டு வருஷத்தில் அதுவே நிலைத்துவிட்டது. அப்பா மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டார். அவர் போதகர். அவருடைய அப்பாவும் போதகர், அவருக்கு அப்பாவும் போதகர். அண்ணன் வியாபாரம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். மிச்சம் இருந்தது இவள்தான்.

"தெரிவுக்குழு முன்னாடி ஒரே ஒரு தடவை போய் உக்காரும்மா. அவங்க வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்," என்றார் அப்பா.

சொன்ன சொல்லில் நிற்கிற மனுஷர். அதை நம்பித்தான் மூன்று நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். திருச்சபை ஊழியத்துக்கு வர நினைக்கிறவர்களைச் சோதித்துப் பார்த்து, ஆலோசனை சொல்லி, இறையியல் கல்லூரிக்கு அனுப்புகிற குழு அது. வந்திருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு எப்படியாவது தேறவேண்டும். இவளுக்கு எப்படியாவது தோற்கவேண்டும். அதுவும் பொய் சொல்லாமல் தோற்கவேண்டும். அதுதான் சங்கடம்.

முதல் நாள் கேள்வித்தாள். இருநூற்று நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. 'நான் கடவுளிடம் கோபப்பட்டதுண்டு.' ஆம் என்று போட்டாள். 'நான் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.' பக்கத்தில் இருந்த வங்கி ஊழியர் கண்ணை மூடிக்கொண்டு ஆம் போட்டார். இவள் இல்லை போட்டாள். எழுந்து வரும்போது மனசு லேசாக இருந்தது. ஒருத்தியை வீட்டுக்கு அனுப்ப இதற்குமேல் என்ன வேண்டும்?

இரண்டாம் நாள் நடிப்பு. குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் டீச்சரம்மா. புருஷனை அறுவை சிகிச்சைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கிற மனைவியாக அவர் நாற்காலியில் உட்கார, ஒவ்வொருவராகப் போய் ஆறுதல் சொல்லவேண்டும். மற்றவர்கள் நீளமாக ஜெபித்தார்கள். வங்கி ஊழியர் கண்ணீரே விட்டார். இவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்.

"நான் இங்கதாம்மா இருக்கேன். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல. சும்மா அஞ்சு நிமிஷம்னு சொல்லமாட்டேன். ஆனா முடியற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன். பேசணும்னா பேசுங்க."

டீச்சரம்மா நடிப்பை மறந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்காரர் போன வருஷம்தான் அப்படி ஓர் அறைக்குள் போய்த் திரும்பி வராமல் போனார் என்பது இவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

மூன்றாம் நாள் முடிவு. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா, நடுவில் குழுத் தலைவர், ஓரத்தில் மனநல ஆலோசகர் அம்மாள். தலைவர் முன்னால் ஒரு படிவம், அதில் மூன்று கட்டம்: பரிந்துரைக்கிறோம், காத்திருக்கட்டும், பரிந்துரைக்கவில்லை.

"இவ்வளவு ஒளிவுமறைவில்லாத விடைத்தாளை நான் பார்த்ததில்ல," என்றார் ஆலோசகர்.

இவளுக்குத் திக்கென்றது. "கடவுள்கிட்ட கோபம்னு எழுதியிருக்கேனே."

"நெருக்கம் இருக்கிற இடத்துலதானே கோபம் வரும்," என்றார் தலைவர்.

"கூட்டத்துல பேச எனக்கு வராதுங்கய்யா."

"தாழ்மை."

"எனக்கு விருப்பமே இல்லைங்கய்யா. வேண்டாம்னு சொல்றேன்."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தீர்க்கதரிசிகள்ல முக்கால்வாசிப் பேர் முதல்ல இதைத்தான் சொன்னாங்க. மாட்டேங்கிறதே கடவுள் கூப்பிடறதுக்கு ஒரு அடையாளம்மா."

"அப்போ ஆசைப்பட்டு வர்றவங்களுக்கு?"

"அவங்களுக்கு ஆசை அடையாளம்."

"அப்போ அடையாளம் இல்லாதவங்க யாருங்கய்யா?"

டீச்சரம்மாவுக்கு இருமல் வந்தது. சிரிப்பை விழுங்குகிறவர்களுக்கு வருகிற இருமல்.

தலைவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். ஆலோசகர் குறுக்கிட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இவ்வளவு வேண்டாம்ங்கிறவங்க ஏன் வந்தீங்க?"

அப்பாவிடம் பேசிக்கொண்டதைச் சொன்னாள்.

"சரிதான். நீங்க அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதிலை எங்க வாயால சொல்ல வைக்கப் பாக்கறீங்க."

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் தைத்தது. இருபது மாடிப் பள்ளத்துக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பியில் நின்று வேலை பார்க்கிறவள், அப்பா முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்ல மூன்று பேரைத் துணைக்குத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஐயா, பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க," என்று கைபேசியை எடுத்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா? என்ன சொன்னாங்க?" அப்பா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அவங்க இன்னும் எதுவும் போடலப்பா. நான்தான் சொல்றேன். நான் ஊழியத்துக்கு வரல."

"வேணாம்னுட்டாங்களா?"

"இல்ல. வேணும்னுதான் போடுவாங்க போல. நான்தான் வேணாம்ங்கிறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "நாம பேசிக்கிட்டது என்னம்மா?"

"அவங்க சரின்னா போவேன்னு நான் சொல்லவே இல்லப்பா. நீங்களா எடுத்துக்கிட்டீங்க, நானும் திருத்தாம இருந்துட்டேன். அது என் தப்பு."

"பயமா இருக்கா?"

"உங்ககிட்ட சொல்லத்தான் பயம். அதுதான் சொல்லியாச்சே. எனக்கு என் வேலை பிடிச்சிருக்குப்பா. அதைவிட்டு வரமாட்டேன்."

"மூணு தலைமுறைம்மா."

"மூணோட நிக்கட்டும்."

"அம்மா உனக்குப் போதகர் அங்கிக்குத் துணிகூட எடுத்துட்டா," என்றார், கேட்கவே பாவமாக இருந்தது.

ஆனாலும் விடவில்லை. "ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்லுங்க. சாயந்திரம் வர்றேன். திட்டணும்னா திட்டுங்க, உக்காந்து கேட்டுக்கறேன். ஆனா போகமாட்டேன்."

வைத்துவிட்டாள். கைபேசியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

தலைவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "விண்ணப்பதாரர் மாட்டேன்னா போடறதுக்கு இதுல இடமே இல்லையே."

"எதுல வேணா போட்டுக்குங்கய்யா. நாளைக்கு எட்டு மணிக்கு நான் வேலையில இருப்பேன்."

எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "பாத்தீங்களா, என்ன ஒரு உறுதி. இப்படிப்பட்டவங்கதான் நம்ம சபைக்கு…" என்று தலைவர் மெல்ல ஆரம்பிப்பது முதுகுப் பக்கம் கேட்டது.

"போதும், அந்தப் பொண்ணை விடுங்க," என்றார் டீச்சரம்மா.

கதவருகே திரும்பிப் பார்த்தாள். டீச்சரம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கைப்பையிலிருந்து எடுத்த அளவுகோலை வைத்து, மூன்று கட்டத்துக்குக் கீழே நாலாவதாக ஒன்றைக் கோணாமல் போட்டுக்கொண்டிருந்தார்.