போறன் என்று சொல்லாத பிணம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பிணத்தின் பிடிவாதத்தால் பிறந்தது. பிணமாக நடித்தவர் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கடை வைத்திருக்கும் சண்முகராசா அண்ணை. நாடகத்தை எழுதியவன் நான். இடம், தெற்கு லண்டனில் சட்டன் என்ற ஊரின் ஒரு பள்ளிக்கூட மண்டபம். காரணம், எங்கள் கோயிலின் ஒழுகும் கூரைக்குக் காசு சேர்ப்பது. (சுவாமி நனைவதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். அன்னதானப் பாயசத்தில் மழை விழுந்ததும்தான் கூட்டம் கூட்டினோம்.)

கதைக்கு வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

பனிமூட்டத்தில் தேம்ஸ் நதி ஒரு கறுப்புப் பாம்பைப் போல— [போதும். பாம்பு பாவம்.]

கொலை என்பது மனித மனத்தின் ஆழத்தில்— [எனக்கே உபதேசமாகக் கேட்கிறது. உபதேசம் இல்லாமல் விடமாட்டேன். ஆனால் இவ்வளவு சீக்கிரம் வேண்டாம்.]

2

நாடகம், பார்வையாளர்களே துப்பறியும் ஒரு கொலைக் கதை. 1911இல் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி லண்டனுக்கு வந்த ஒரு வோடவில் குழு.* வோடவில் என்றால் ஒரு பாட்டு, ஒரு மந்திர வித்தை, ஒரு கோமாளி, ஒரு கத்தி வீச்சு; ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இராது. சங்கங்களின் ஆண்டு விழாக்களில் வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம்மிடம் தலைவர் உரை கூடுதல், அவ்வளவுதான்.

(* அப்படியொரு குழு வந்ததா என்று எந்த நூலகத்திலும் தேட வேண்டாம். நான்தான் வரவழைத்தேன். விசாவும் நானே கொடுத்தேன்.)

குழுவின் முதலாளி நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறார். கொன்றவர் யார் என்று சபை கைதூக்கிச் சொல்ல வேண்டும். துப்பு ஒரே ஒரு சொல். கிளம்பும்போதெல்லாம் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்கிற முதலாளி, அன்றைக்கு மந்திரவாதியிடம் மட்டும் 'போறன்' என்கிறார். திரும்பி வரும் எண்ணமுள்ள எவரும் நம்மில் அப்படிச் சொல்வதில்லை. ஆக, முதலாளி குழுவை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடப்போகிறார் என்பது மந்திரவாதிக்கு விளங்கிவிடுகிறது. நஞ்சைக் கலக்கிறான்.

எந்த வெள்ளைக்காரத் துப்பறிவாளனாலும் பிடிக்க முடியாத துப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒத்திகையில் சண்முகராசா அண்ணை அந்த வசனத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இந்தப் 'போறன்' எனக்கு ஏலாது."

"ஏனண்ணை? ஒரு சொல்லுத்தானே."

"வீட்டில மனிசி இருக்கிறா. இது கோயில் காரியம் வேற. அப்பிடி வாயால சொல்லக் கூடாது."

"நடுமேடையில செத்து விழச் சம்மதம், இதுக்கு இல்லையோ?"

"சாகிறது நடிப்பு, தம்பி. சொல்லுறது வாயெல்லோ."

நானும் கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவன்தான். மேடையில் எப்படியும் சொல்லிவிடுவார் என்று கடவுளிடம் விட்டேன். கடவுளும் அவருடைய கட்சி என்பது பிறகுதான் தெரிந்தது.

3

இனிப் பாமா. இவரைக் கதையில் வைப்பதா, விடுவதா என்று தயங்கினேன். நல்லவராக எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். துயரமானவராக எழுதினால் மகிழ்ந்துவிடுவீர்கள்.

பாமா டென்மார்க்கில் கணவரைப் பிரிந்து இங்கே வந்தவர். ஏன் பிரிந்தார் என்பது அவருக்குத் தெரியும். சட்டனில் மற்ற எல்லோருக்கும் அதைவிட நன்றாகத் தெரியும். கோயிலில் கடைசி வரிசையில் நிற்பார். யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் வெளியேறிவிடுவார். நாடகத்துக்கு ஆள் தேடியபோது அவராகவே வந்து கேட்டார்:

"நானும் வரலாமோ?"

கத்தி வீசுபவனுக்கு எதிரே பலகையில் சாய்ந்து நிற்கும் பெண்ணின் வேடம் மீதி இருந்தது. வசனம் குறைவு என்றேன்.

"பரவாயில்லை. ஆக்களோட நிண்டால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார்.

4

விழா நாளில் சண்முகராசா அண்ணை மந்திரவாதியிடமும், மண்டபத்தின் கடைசிக் கதிரை வரை கேட்க, "போட்டு வாறன்!" என்றார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மிக ஒழுக்கமாகச் செத்தார். என் துப்பும் அவரோடு செத்தது.

துப்பறிவாளராக நடித்த பிரியந்தன் மைக்கைப் பிடித்தான். "ஆர் கொலைகாரர்? சபையோரே, யோசிச்சுச் சொல்லுங்கோ!"

"இதில யோசிக்க என்ன கிடக்கு?" முன்வரிசையிலிருந்து நகுலேஸ்வரி அக்காவின் குரல். அன்றைக்கு மண்டபம் முழுவதற்கும் வடை சுட்டுக் கொண்டுவந்தவர் அவர்தான். "புருசனையே விட்டிட்டு வந்தவள், முதலாளியைக் கொல்ல மாட்டாளோ?"

மண்டபம் சிரித்தது. திருநீறு பூசிய நெற்றிகளின் சிரிப்பு.

"அக்கா, அது டென்மார்க். இது நாடகம்" என்றான் பிரியந்தன்.

"ரெண்டும் ஒண்டுதான், நீ எண்ணு!"

பிரியந்தனும் வேறு வழியின்றி, "அப்ப, பாமாக்கா எண்டு நினைக்கிறவை கையைத் தூக்குங்கோ" என்றான். கவனியுங்கள், அவன்கூட வேடத்தின் பெயரைச் சொல்லவில்லை. கைகள் எழுந்தன. பாத்திரம் கழுவ ஆள் கேட்டபோது ஒருநாளும் எழாத கைகள்.

பாமா பலகையில் சாய்ந்தபடியே நின்றார். அவர் கண்கள் கு— [அழித்துவிட்டேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கதை சுலபம்.] மேடைக்காகப் போட்டுக்கொண்ட புன்னகையை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

5

அப்போது பிணம் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தது.

"அண்ணை, நீங்கள் செத்திட்டீங்கள்!" பிரியந்தன் பதறினான்.

"ஆர் சொன்னது? வெளிக்கிடேக்க நான் என்ன சொன்னனான்?"

சபை முழித்தது.

"போட்டு வாறன் எண்டெல்லோ சொன்னனான். போனன், வந்திட்டன். ஒருத்தரும் என்னைக் கொல்லேல்லை. கையைக் கீழ விடுங்கோ, நோகப்போகுது."

"அப்ப நஞ்சு?" நகுலேஸ்வரி அக்கா விடவில்லை.

"உம்மட வடை அதை முறிச்சுப்போட்டுது."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. நகுலேஸ்வரி அக்காவும் சிரித்தார். சண்முகராசா அண்ணை பலகைப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீயும் இறங்கு. கால் கடுக்கும்."

கொலைக் கதையின் இலக்கணத்தில் இது மன்னிக்க முடியாத குற்றம். பிணம் எழும்பினால் பிறகு கதை ஏது? அன்றைக்கு உண்மையாகவே கொல்லப்பட்டது என் நாடகம் ஒன்றுதான். கொன்றவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொடக்கத்தில் விடமாட்டேன் என்று சொன்ன உபதேசம் இதுதான், கடந்துபோய்விட்டது.

6

முடிவு ஒன்று: எல்லோரும் மனம் திருந்திப் பாமாவைக் கட்டியணைத்தார்கள். [எங்கள் ஆட்களா?]

முடிவு இரண்டு: பாமா அதன் பிறகு கோயில் பக்கமே வரவில்லை. [நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதமாட்டேன்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாசலில் மேசை நிறையக் கறுப்புக் கோட்டுகள். லண்டனில் எல்லோருக்கும் ஒரே கோட்டுத்தானே. நகுலேஸ்வரி அக்கா ஒன்றை இழுத்து, கையை நுழைத்துப் பார்த்து, இறுகியதும் கழற்றினார். அதன் காலரைத் தட்டிவிட்டுப் பாமாவிடம் நீட்டினார்.

"இந்தாரும், இது உம்மட போல கிடக்கு."

பாமா அதைப் போட்டுக்கொண்டு கதவருகே வந்து திரும்பினார். நம்மில் யாரும் ஒன்றும் சொல்லாமல் கிளம்புவதில்லை. இரண்டு சொற்களில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கே நான் விலகிக்கொள்கிறேன். கதவருகே நிற்பது நீங்கள். உங்கள் கையில் மிச்ச வடைத் தட்டு. அவர் எந்தச் சொல்லைச் சொல்வார் என்பது, அதற்கு முன் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. என்னைப் பார்க்காதீர்கள். வசனம் எழுதித் தரமாட்டேன். பிணத்துக்கே எழுதிக் கொடுத்தேன், கேட்கவில்லை.