இருபதாம் நிமிடம் வரை தப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்கு ஜைல்ஸ் ஆசிரியர் அறைக்கு வந்து, வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்றார்.

"யாரும் எதையும் மாத்த வேண்டாம். எப்பவும் நடத்துற மாதிரியே நடத்துங்க."

கையில் ஒரு பை இருந்தது. அதில் பிஸ்கட். சாக்லெட் தடவியது. பதினொரு வருடத்தில் இந்த அறைக்குச் சாக்லெட் பிஸ்கட் வருவது இது மூன்றாவது முறை. ஆய்வு நான்கு வருடத்துக்கு ஒருமுறை.

"பிரிக்கலாமா?" என்று என்னோடு பாடம் எடுக்கும் ஃபெர்கல் கேட்டான்.

"வியாழக்கிழமை," என்றார் ஜைல்ஸ்.

ஜைல்ஸ் எங்கள் இயக்குநர். வயது முப்பத்து நான்கு. நாங்கள் ஆங்கிலம் சொல்லித்தருகிறோம். இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த பிறகு ஆங்கிலம் தேவைப்படும் என்று கண்டுகொண்ட பெரியவர்களுக்கு. பள்ளி கடற்கரையில் இல்லை. விளம்பரத்தில் மட்டும் கடற்கரையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அடுத்த வாரம் எத்தனை மணிநேரம் வேலை என்று. சில வெள்ளிக்கிழமைகளில் வராது. அதுவும் ஒரு செய்திதான்.

போகும்போது ஜைல்ஸ் கதவில் நின்றார்.

"இன்னொண்ணு. ஒரு நிரந்தர இடம் போடலாம்னு ஒரு யோசனை இருக்கு. ஆய்வு வகுப்புல மேல் தரம் வாங்குறவங்களுக்கு. யோசனைதான்."

ஜைல்ஸ் அளவில் அது சத்தியம் செய்வதற்குச் சமம்.

"கிளெனிஸ், உன் மூஞ்சியப் பாரு," என்றான் ஃபெர்கல். "பிஸ்கட்டைப் பாத்த மாதிரி இருக்கு."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வு வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்ற வினைக்காலம். மூன்று வருடமாக இந்த ஊரில் இருக்கும் ஒருவர் உலகத்தின் பெரும்பாலான மொழிகளில் 'மூன்று வருடமாக இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். எல்லாருக்கும் புரியும். எங்களுக்கு அது போதாது. வந்தது அப்போது, இருப்பது இப்போது. இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் கட்டித் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ஏன் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு ஆங்கிலம் வந்தவர்கள் பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள்.

விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் நான்கு நிமிடத்தில் முடியும். எங்கள் தொழிலில் அது குற்றம். விதியை ஆசிரியர் சொல்லக் கூடாது. கேள்விமேல் கேள்வி கேட்டு மாணவர்களே கண்டுபிடிக்கும்படி செய்ய வேண்டும். 'அவர் எப்போது வந்தார்? இப்போதும் இங்கே இருக்கிறாரா? நிச்சயமாகவா?' நானூறு வருடமாக இருக்கும் விதியை ஒவ்வொரு வாரமும் பத்துப் பேர் புதிதாகக் கண்டுபிடித்து ஆச்சரியப்படுகிறார்கள்.

பாடத் திட்டத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. 'எதிர்பார்க்கும் தவறுகள்' என்று ஒரு பத்தியும் உண்டு. முதல் இருபது நிமிடம் மாணவர்கள் அந்தத் தவறுகளைச் செய்வார்கள் என்று எழுதினேன். இருபதாம் நிமிடம் கண்டுபிடிப்பார்கள். நாற்பதில் சரளமாகப் பேசுவார்கள். மூன்று பிரதி எடுத்து ஜைல்ஸிடம் கொடுத்தேன். அவர் ஆய்வாளருக்கு அனுப்பினார்.

அன்று பிற்பகல் அந்தப் பாடத்தை அந்த வகுப்பிலேயே ஒருமுறை நடத்திப் பார்த்தேன். ஒத்திகை என்று சொல்ல மாட்டேன். கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன்.

அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இது நடக்கக்கூடியதல்ல. இந்தக் காலத்தை ஒரே வகுப்பில் கற்றுக்கொண்ட கூட்டத்தைப் பதினொரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. யுர்கிதாவுக்குக்கூட வந்துவிட்டது. யுர்கிதா லிதுவேனியாக்காரி. முதியோர் இல்லத்தில் வேலை. கீழ் வகுப்பில் இரண்டு வருடம் கிடந்து, போன இலையுதிர்காலத்தில்தான் என் வகுப்புக்கு ஏறி வந்தாள். மூன்று வருடமாக இந்த ஊரில் இருப்பதை அவள் அன்றுதான் முதல்முறையாகச் சரியான ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை வகுப்பறைக்கு முதல் ஆளாக வந்திருந்தாள்.

"பஸ் டிரைவர்கிட்ட பேசினேன். இருபது நிமிஷமா நிக்கிறேன்னு சொன்னேன். சரியா சொன்னேன். அவர் மன்னிப்பு கேட்டார்."

"அவங்க எல்லார்கிட்டயும் கேப்பாங்க, யுர்கிதா."

"என்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்ல," என்றாள். அந்த வாக்கியத்திலும் காலம் சரியாக இருந்தது.

இடைவேளையில் ஃபெர்கலிடம் சொன்னேன். அவன் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அப்ப நாளைக்கு என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?"

"வேற பாடம் எடுக்கலாம்னு பாக்குறேன்."

"திட்டம் ஆய்வாளரம்மா கைக்குப் போயாச்சு. இப்ப மாத்தினா ஏன் மாத்தினேன்னு ரெண்டு பக்கம் எழுதணும். பதினொரு வருஷமா யாருக்கும் ஒண்ணும் புரியாம பாத்துக்கிட்ட. இந்த ஒரு வாரம் உனக்கு என்ன கேடு?"

ஜைல்ஸிடம் போனேன். அவர் சுவரில் 'ஒவ்வொருவரும் முக்கியம்' என்ற புதுப் படத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அருமையான செய்தி," என்றார். "உண்மையிலேயே. ஆனா நாளைக்கு ஒரு நாளைக்கு, ஆரம்பத்துல, அவங்க கொஞ்சம் போன வாரம் மாதிரி இருந்தா உதவியா இருக்கும். நான் எதுவும் சொல்லல."

"நீங்க எதுவும் சொல்லல," என்றேன்.

மதியம் வகுப்பில் விஷயத்தை எடுத்தேன். நாளை ஒரு விருந்தாளி வருகிறார். அவர் நீங்கள் கற்றுக்கொள்வதைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். அதனால் முதல் இருபது நிமிடம் தெரியாதது போல இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

குவபாரா கையைத் தூக்கினார். ஜப்பானில் முப்பத்தாறு வருடம் ரயில் கால அட்டவணை போட்டவர்.

"டீச்சர், இருபதாவது நிமிஷம் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்க்காம."

எழுதிக்கொண்டார். "ஒரு ஆளுக்கு எத்தனை தப்பு?"

"அவங்கவங்க இஷ்டம்."

"நான் அஞ்சு பண்றேன். வீட்டுல எழுதிப் பாத்துட்டு வர்றேன்."

பிரேசில்காரி ஜன்திரா எப்படித் தப்புச் செய்வது என்று மறந்துவிட்டதாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்கு ஞாபகப்படுத்தினார்கள். வகுப்பு கலகலப்பாக இருந்தது. இப்படியொரு ஈடுபாட்டை நான் எந்தத் திட்டத்திலும் எழுதியதில்லை.

எல்லாரும் போனபிறகு யுர்கிதா உட்கார்ந்திருந்தாள்.

"நான் பண்ண மாட்டேன்."

"பதினஞ்சு இருபது நிமிஷம்தான்."

"மூணு வருஷம் தப்பாத்தான் பேசினேன். வேலை இடத்துல என்னை மாதிரியே பேசிக் காட்டி சிரிப்பாங்க. எனக்குச் சரியா வந்தது இது ஒண்ணுதான். அது வந்து ஒரு நாளு ஆகுது."

"அப்ப பேசாம இரு. போதும்."

"உங்களுக்கு அந்த வேலை கிடைக்கிறது இதுலதான் இருக்கா?"

"யாரு சொன்னா?"

"ஃபெர்கல்."

பலகையை அழித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆய்வாளர் திருமதி ஆட்லி வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தார். அடக்கமான சாம்பல் நிற உடை. கடைசி வரிசையில், தான் அங்கே இல்லை என்பது போல உட்கார்ந்தார். அதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

பலகையில் ஒரு கோடு போட்டேன். இடது ஓரத்தில் அன்று, வலது ஓரத்தில் இன்று. கேள்விகளைத் தொடங்கினேன். எல்லாரும் சொன்னபடி தப்பாகச் சொன்னார்கள். ஜன்திரா இதுவரை எந்த மனிதனும் செய்யாத ஒரு தப்பைச் செய்தாள். குவபாரா நாலாம் நிமிடம் ஒன்று, ஏழாம் நிமிடம் ஒன்று என்று நிதானமாகத் தவறினார். யுர்கிதா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இருவர் இருவராகப் பேச விட்டேன். திருமதி ஆட்லி எழுந்து மேசைகளுக்கு நடுவே வந்தார். ஆய்வாளர்கள் மாணவர்களிடம் பேசக் கூடாது. ஆனால் ஒரு மனிதரின் அருகே சும்மா நிற்பது எங்கள் ஊர்க்காரர்களால் ஆகாத காரியம். ஏதாவது சொல்லியாக வேண்டும். வெளியே மழை பெய்திருந்தால் மழையைப் பற்றிச் சொல்லியிருப்பார். அன்று பார்த்து வெயில்.

யுர்கிதா பக்கம் குனிந்தார்.

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?"

அன்றைய பாடமே அந்தக் கேள்விதான். அவருக்கு அது தோன்றவில்லை. அவருக்கு அது வெறும் மரியாதை.

யுர்கிதா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழாம் நிமிடம்.

அவள் பழைய தப்பைச் சொன்னாள். இரண்டு வருடம் கீழ் வகுப்பில் சொன்ன அதே தப்பு, அதே உச்சரிப்பு. சொல்லிவிட்டுச் சிரித்தாள். திருமதி ஆட்லியும் சிரித்தார். ஏதோ எழுதினார்.

இருபதாம் நிமிடம் குவபாரா விதியைக் கண்டுபிடித்தார். ஆச்சரியம்கூடப் பட்டார். அதன்பிறகு எல்லாரும் அழகாகப் பேசினார்கள். இரண்டாம் பாதியில் யுர்கிதாவை ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்டால் சரியாகச் சொல்வாளா, முகத்தைத் திருப்பிக்கொள்வாளா என்று தெரியவில்லை. குவபாராவைக் கேட்டேன். அவர் நம்பகமானவர்.

ஆய்வு இரண்டு நாள். வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. எனக்கு மேல் தரம். 'மாணவர்களிடம் நிகழ்ந்த முன்னேற்றம் கண்ணெதிரே தெரிந்தது' என்று எழுதியிருந்தார். ஃபெர்கலுக்கு 'திருப்திகரம்'. அவன் எப்போதும் போல நடத்தியிருந்தான்.

ஜைல்ஸ் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார்.

"கடிதம் தயாராகுது. திங்கக்கிழமை கையெழுத்து. ஒரே ஒரு சின்ன குறை சொல்லியிருக்காங்க, அதையும் இன்னிக்கே சரி பண்ணிட்டேன். அவங்க கிளம்புறதுக்குள்ள சரி பண்ணா அறிக்கையில வராது."

"என்ன குறை?"

"ஒரு மாணவி தவறான வகுப்புல இருக்காங்களாம். அடிப்படையே வரலையாம். அந்த லிதுவேனியாப் பொண்ணு. கீழ் வகுப்புப் பட்டியல்ல சேத்துட்டேன்."

"அவளுக்கு நல்லா வரும், ஜைல்ஸ்."

"அந்தம்மா கேட்டப்ப வரலையே."

"ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியும்."

'ஒவ்வொருவரும் முக்கியம்' படம் சற்றுச் சாய்ந்திருந்தது. போய் நேராக்கினார்.

"எனக்குத் தெரியாது, கிளெனிஸ். தெரிஞ்சா உங்க வகுப்பை நான் வேற மாதிரி பாக்கணும். அவங்களும் பாக்கணும். தெரியாம இருக்குறது நம்ம எல்லாருக்கும் நல்லது. கோடைகாலத்துக்கு அப்புறம் அவளை மறுபடி மேல ஏத்திடலாம். யோசனை இருக்கு."

நான் கீழே வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்தேன். ஃபெர்கல் வகுப்பில் இருந்தான். தட்டில் மூன்று பிஸ்கட் மிச்சம். ஒன்றை எடுத்தேன்; மறுபடி வைத்தேன்.

திங்கள்கிழமை கையெழுத்துப் போட்டால் நாலு மணிக் குறுஞ்செய்தி இனி வராது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதையோ நினைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் அதைத்தான்.

கதவு தட்டப்பட்டது. யுர்கிதா. வேலைக்குப் போகும் சீருடையில் இருந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை.

"பட்டியலைப் பாத்தேன்."

"உக்காரு."

"வேண்டாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. கீழ் வகுப்புல நான் ரெண்டு வருஷம் இருந்தேன். இருந்தேன். முடிஞ்சுபோச்சு. அப்படித்தானே சொல்லணும்?"

"அப்படித்தான்."

"அப்புறம் எப்படி மறுபடி ஆரம்பிக்கும்?"

"ஜைல்ஸ்கிட்ட பேசினேன். கோடைகாலத்துக்கு அப்புறம்னு சொல்றார்."

"அவர் சொல்றது எனக்குப் புரியும். எங்க முதியோர் இல்லத்துலயும் இப்படித்தான் சொல்வாங்க. பெரியவங்க வீட்டுக்குப் போகணும்னு கேக்குறப்போ."

மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திருமதி ஆட்லி கிளம்பப் போகிறார்.

"உங்க மேல கோவம் இல்ல," என்றாள். "நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க. நான்தானே வாயைத் திறந்தேன்."

"யுர்கிதா."

"அந்தம்மா இன்னும் போகல. நான் பண்ணினது பொய்த் தப்புன்னு நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"