மூன்றாம் நாள் அழைப்பு

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மகளின் தோளைச் சித்தப்பா தட்டினார்.

"கடைச் சாவி உன்கிட்டதானே இருக்கு? மூக்கு ஒழுகியே உயிர் போகுது. ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை எடுத்துக் குடும்மா."

இப்படிக் கேட்டு அப்பாவிடம் ஜெயித்தவர் எவரும் இல்லை. நேற்று மதியம் கடை நாற்காலியிலேயே மாரடைப்பில் போகும்வரை, முப்பது வருடம் மருந்து விற்றவர். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் அலமாரியைத் திறந்ததே கிடையாது. "சளிக்கு அது கேக்காது. வெந்நீர் குடி, தூங்கு" என்பார். தெருவே சேர்ந்து அவருக்கு 'இல்லைக்காரர்' என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் அவள் 'இல்லைக்காரர் பொண்ணு'. மருந்தியல் படித்து அதே கடையில் வந்து நின்ற பிறகும் அந்தப் பெயர் கசந்தது.

"அண்ணன்தான் போயாச்சே. இனிமே யாரு கேக்கப்போறா?" என்றார் சித்தப்பா.

அழுது ஓய்ந்திருந்தாள். சண்டை போடத் தெம்பில்லை. நாலு மாத்திரையில் என்ன குடி முழுகிவிடும்? சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

மேசைமேல் இருந்த அப்பாவின் கைபேசி கிணுகிணுத்தது. காலை பத்து மணி. திரையில் அவர் குறித்துவைத்த நினைவூட்டல்: 'வெல்டர். மூணாம் நாள்.'

ஆன்டிபயாடிக் தொடங்கிய மூன்றாம் நாள் உடம்பு தேறும். தேறியதும் ஆளாளுக்கு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதற்காகவே அன்று காலை அப்பா கூப்பிடுவார். நிறுத்தியவரை வறுத்தெடுப்பார். ஒருவரையும் விட்டதில்லை.

அவள் அந்தக் கைபேசியிலேயே வெல்டரின் எண்ணை அழுத்தினாள்.

அப்பாவைத் தூக்க வாசலில் நின்றவர்களுக்கு நடுவே ஒரு சட்டைப்பை அலறியது. கையில் கட்டுப் போட்டிருந்த வெல்டர் எடுத்துப் பார்த்தார். உள்ளே படுத்திருப்பவர் கூப்பிடுகிறார். முகம் வெளிறிப்போனது.

"ஹ... ஹலோ?"

"மாத்திரை போட்டாச்சா?" என்றபடி அவள் வாசலுக்கு வந்தாள்.

"சீழ் வத்திடுச்சும்மா. நேத்து ராத்திரியோட நிறுத்திட்டேன்."

"டாக்டர் எத்தனை நாளைக்கு எழுதினாரு?"

"ஏழு."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"மூணு."

"நீங்களே நிறுத்திக்க நீங்க என்ன டாக்டரா? எங்க மாத்திரை?"

குரல் அவளுடையது. அதட்டல் அப்படியே அப்பாவுடையது. "இல்லைக்காரர் எங்கய்யா போனாரு, இங்கதான் இருக்காரு!" என்றார் யாரோ. இழவு வீடு சிரித்துவிட்டது.

வெல்டர் பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தார். "விட்டுப்போனதையும் சேத்து ரெண்டா போட்டுடவா?"

"கூடாது. ஒண்ணுதான்."

ஊர் பார்க்க விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இல்லைக்காரர் பொண்ணு! ஆமாம், அவளேதான்.

"அப்போ எனக்கு?" என்றார் சித்தப்பா.

"இல்லை சித்தப்பா. ஃப்ளாஸ்க்ல வெந்நீர் இருக்கு. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தா சொல்லுங்க, டாக்டர்கிட்ட போலாம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் ஃப்ளாஸ்க்கைத் தேடிப் போனார்.

வண்டி வந்தது. வெல்டர் நல்ல கையைக் கொடுத்து, தலைமாட்டுப் பக்கம் தூக்கினார். கைபேசியில் நாளைக் காலைக்கும் ஒரு வரி இருந்தது: 'டீச்சர். மூணாம் நாள்.' அவள் அதை அழிக்காமல், கைபேசியைக் கடைச் சாவியோடு சேர்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.