தலைமாடு அந்தப் பக்கம்

பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் கோயில் வாசலைத் தாண்டியதும் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினார்கள். அவர்கள் தெருக்காரர்கள் உட்காருவது அங்கேதான், தூணுக்குப் பின்னால். செத்தவர்களை இறக்கி வைப்பதும் அங்கேதான்.

"நடுவால கொண்டாங்க, நடுவால!" பீடத்துப் பக்கமிருந்து கோயில் கமிட்டித் தலைவர் அப்பாத்துரை கையை ஆட்டினார்.

தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். கால்மாட்டைப் பிடித்திருந்தான் இஞ்ஞாசி. உள்ளே அவன் மகள் சலேத்து. வயது பத்தொன்பது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"கேட்டியாலே இஞ்ஞாசி? நடுவாலயாம்," என்றான் தலைமாட்டைப் பிடித்திருந்த நாறும்பூநாதன். அவன் வேதக்காரன் இல்லை, ஞானஸ்நானம் வாங்காதவன். அதே தெருவில் அடுத்த வீடு. இருபது வருடமாக இஞ்ஞாசியோடு வயலிலும் கட்டட வேலையிலும் கூடவே கிடப்பவன். "செத்தாத்தான் நடுவழி போல."

இஞ்ஞாசி பிடியை மாற்றிக்கொண்டான். பல்லைக் கடித்த கடியில் காதோரம் வலித்தது.

பெட்டியை நடுவில் வைத்தார்கள். இஞ்ஞாசியின் பெண்டாட்டி மிக்கேலம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். முந்தாநாளிலிருந்து அவள் அழவில்லை. பேசவும் இல்லை. பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

பீடத்துக்கு மேலே வெள்ளைத் துணியில் சிவப்பு மையால் என்னவோ எழுதிக் கட்டியிருந்தார்கள். மை இன்னும் காயவில்லை. இஞ்ஞாசி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். வே, த, சா, ட், சி. வேதத்துக்காக உயிரை விட்டவள். அப்புறம் மகள் பெயர். அவனுக்கு எழுத்து வந்தது நாலு வருடத்துக்கு முன்னால், அறிவொளி வகுப்பில். நாற்பத்திரண்டு வயதில் சிலேட்டைப் பிடித்தான். சொல்லிக்கொடுத்தவள் சலேத்துதான். கையைப் பிடித்து எழுதவைக்க மாட்டாள். "நீயே இழுப்பா. கோணுனா கோணட்டும்" என்பாள். அந்த எழுத்தைக் கொண்டு முதன்முதலாக அவள் பெயரைப் பெரிதாக வாசிப்பது இங்கே என்று யார் கண்டது.

முந்தாநாள் மாதா பிறந்தநாள். பெரிய கோயில் சப்பரம் அவர்கள் தெருவுக்குள் வராது, தெருமுனையோடு திரும்பிவிடும். அதனால் தெருவில் இருந்த ஓலைக் கூரைக் கோயிலில் பிள்ளைகளே சின்னதாக ஒரு சப்பரம் கட்டினார்கள். மத்தியானம் இரண்டு டிராக்டரில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வேதத்துக்கு மாறினவனுக்கு என்னலே சப்பரம் என்று கேட்டுக் கூரையில் தீ வைத்தார்கள். ஆண்கள் எல்லாம் நாற்றங்காலில் கிடந்த நேரம். உள்ளே பூக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறி ஓட, சலேத்தும் நாறும்பூநாதன் மகள் சண்முகசுந்தரியும் மாட்டிக்கொண்டார்கள். இஞ்ஞாசி வரப்பு வரப்பாக விழுந்து எழுந்து ஓடி வந்தபோது டிராக்டர் போய்விட்டது. புகையும் அவளும்தான் மிச்சம்.

பங்குச் சாமியார் பீடத்துக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் சக்கிறீஸ்து அறையிலிருந்து ஆள் விட்டார். இஞ்ஞாசி போனான். உள்ளே சாமியார் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அப்பாத்துரை சன்னலோரம் நின்றார். சண்முகசுந்தரி மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மேற்றிராசனத்து ஆயர் வீட்டுலேர்ந்து பெரிய சாமியார் நாலு மணிக்கு வாராரு," என்றார் சாமியார். "பிரசங்கத்துக்குக் குறிப்பு கேட்டிருக்காரு. நீ பயப்படாமச் சொல்லும்மா. கடைசியில என்ன நடந்தது?"

"கழுத்துல கெடந்த சிலுவையப் பாத்தான் சாமி. கழத்தித் தீயில போடு, விட்டுருதேன்னான். அவ, 'நீயாலே கெட்டிவிட்ட, கழத்தச் சொல்லுததுக்கு?'ன்னு கேட்டா."

சாமியார் எழுதினார். "அப்புறம்? சேசுவேன்னு கூப்பிட்டாளா? மன்னிக்கேன்னு ஏதும்..."

"அப்புறம் அவன் மூஞ்சியில துப்புனா."

பேனா நின்றது. வெளியே யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டாம் தடவையும் கழத்துன்னான். ரெண்டாம் தடவையும் துப்புனா. பொறவுதான் கம்பியால..." சண்முகசுந்தரி நிறுத்திக்கொண்டாள்.

"சரி. அத விட்டுருவோம்," என்றார் சாமியார். "செபிச்சுக்கிட்டே உயிர்விட்டாள்னு போட்டுக்கிடுதேன்."

"அவ துப்புனா சாமி," என்றான் இஞ்ஞாசி. அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "அதை எழுதுங்க. ஒங்களுக்கு எழுத வரலன்னா தாள இங்கன தாங்க. நான் எழுதித் தாரேன்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். அப்பாத்துரை தொண்டையைச் செருமினார்.

"குழி எங்கன சாமி?" என்று கேட்டான் இஞ்ஞாசி.

சாமியார் அப்பாத்துரையைப் பார்த்தார்.

"இதென்ன கேள்வி," என்றார் அப்பாத்துரை. "ஒங்க பக்கந்தான். ஆனா ஒண்ணு, மேல மார்பிள் போடுதோம். ஊர்ப் பொறுப்பு. உவரிக் கோயிலுக்குப் போற சனம் பூராவும் இங்கன இறங்கிப் பாத்துட்டுப் போவும். வேதசாட்சின்னா சும்மாவா?"

"எங்க பக்கத்துக்கு ஒங்க ஆளுவ வருமோ மொதலாளி?"

அப்பாத்துரை கொஞ்சம் யோசித்தார். யோசித்துத்தான் சொன்னார். "வேணும்னா கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர்ல ஒரு சன்னல் விட்டுருவோம்."

இஞ்ஞாசி வெளியே வந்தான்.

மருதமேட்டுக் கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்துக் கிடக்கிறது. நடுவில் சுவர். அந்தப் பக்கம் அப்பாத்துரை வகையறாவுக்கு, இந்தப் பக்கம் இஞ்ஞாசி தெருக்காரர்களுக்கு. இரண்டு பக்கத்துக்கும் குழி வெட்டுவது மட்டும் இவர்கள்தான். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் பழைய மண்சுவர் கரைந்து போனது. ஒரு வருடம் சுவர் இல்லாமலே கிடந்தது. செத்தவர்கள் யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. பிறகு கமிட்டி கூடிச் செங்கலில் கட்டியது. கட்டினது யார்? கொத்தனாருக்குக் கையாளாக நின்று மண்ணும் கல்லும் சுமந்தது இஞ்ஞாசி. பாதிச் சுவரில் கொத்தனாருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட, மீதியைக் கொத்துக் கரண்டி பிடித்துக் கட்டியதும் இஞ்ஞாசிதான். கரண்டி பிடிக்கத் தெரியும் என்று நாலு பேர் சொல்லட்டுமே என்று ஒரு பெருமை. தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்த சலேத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குப்பா இது?"

"ஆடு கீடு வந்துரும்லா."

"ஆடு ரெண்டு பக்கமுந்தான மேயுது?"

அவன் கஞ்சியைக் குடித்தான். பதில் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். பின்னாலேயே நாறும்பூநாதன் மண்வெட்டியோடு ஓடி வந்தான்.

"ஏலே, பெத்தவன் குழி வெட்டக் கூடாதுலே. நாங்க இருக்கோம்லா."

"நான் குழி வெட்டல. நான் கெட்டுனத இடிக்கப் போறேன்."

நாறும்பூநாதன் அவன் முகத்தைப் பார்த்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தான்.

சுவரின் உள்ளெல்லாம் இஞ்ஞாசிக்கு மனப்பாடம். எட்டடிக்கு ஒரு தூண். தூணைத் தொடாமல் நடுவில் எடுத்தால் மிச்சச் சுவர் ஆடாது. கமிட்டி மிச்சம் பிடித்ததில் அஸ்திவாரம் ஒன்றரை அடிதான். உச்சி வரியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். முதல் செங்கல் முழுசாக வந்தது. அதைத் தூக்கி எறியத்தான் கை ஓங்கியது. எறியவில்லை. ஓரமாக வைத்தான்.

வரி வரியாக இறங்கினான். வேர்வை கண்ணில் விழுந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முகம் வந்தது. டிராக்டரில் வந்தவர்களின் முகம் அவனுக்குத் தெரியாது. அதனால் தெரிந்த முகங்களே வந்தன. அதிலே ஒன்று அவனுடையது, கரண்டியும் கையுமாக, பெருமையோடு.

அஸ்திவாரக் கல்லும் வெளியே வந்ததும் நாறும்பூநாதன் மண்வெட்டியை ஊன்றினான். "நான் வேதம் இல்லையே. வெட்டலாமா?"

"மண்ணுக்கு மட்டும் ஞானஸ்நானமா குடுத்திருக்காவ? வெட்டுலே."

குழி சுவரின் குறுக்காக இறங்கியது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

இடுப்பளவு ஆழம் போனபோது அப்பாத்துரை நாலு பேரோடு வந்தார். அவர் பார்த்தது முதலில் குழியை அல்ல. சுவரை.

"ஏலே! என்னலே செய்யுத?"

"சன்னல் போடுதேன் மொதலாளி. கொஞ்சம் பெரிசாப் போயிட்டு."

"கொழுப்பாலே? ஒம் புள்ளைய அடிச்சுக் கொன்னவன் வேற எவனோ. நாங்க நடுவால கொண்டாந்து வச்சு, பூப் போட்டு, மரியாதை செய்யுதோம். எங்க மேல ஏம்லே பாயுத?"

இஞ்ஞாசி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அவனுவ, அவ உசுரோட இருக்கையில வந்தானுவ. அவ துப்புனா. நீங்க, அவ செத்த பொறவு வாரிய. அவளால துப்ப முடியாதுன்னு தெரிஞ்சு வாரிய."

நாலு பேரில் ஒருவன் முன்னால் வந்தான். நாறும்பூநாதன் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே குழியிலிருந்து ஏறினான். கோயில் முன்னால் போலீஸ் வேனும் பத்திரிகைக்காரர்களும் நிற்பது எல்லாருக்கும் நினைவு வந்தது.

"இன்னைக்கி வேண்டாம்," என்றார் அப்பாத்துரை, குரலைத் தாழ்த்தி. "அடக்கம் முடியட்டும். பொறவு பேசுவோம்."

"பொறவு என்னத்தப் பேச? ஒங்க அய்யா ஒரு மாசமா இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. எங்க தெருவுலேர்ந்து இனி ஒருத்தன் மண்வெட்டி எடுக்க மாட்டான். ஒமக்குக் குழி வெட்டத் தெரியுமா வே?"

அவன் வாயிலிருந்து அப்பாத்துரையைப் பார்த்து, சரிசமமானவனைக் கூப்பிடுகிற 'வே' வந்தது அதுதான் முதல் தடவை. அப்பாத்துரையின் கை எழும்பி, எங்கே போவது என்று தெரியாமல் மீசைக்குப் போனது.

சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உடைந்த சுவரைப் பார்த்தார், அடுக்கிய செங்கலைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அப்பாத்துரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் பெரிய சாமியாரின் கார் ஆரன் கேட்டது.

"இன்னும் ரெண்டடி போகணும்," என்றார் சாமியார். திரும்பிப் போய்விட்டார்.

பெட்டி மூடியை அறையும் முன் இஞ்ஞாசி மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. கறுப்புக் கயிறும் சின்னச் சிலுவையும். அவள் பத்து வயதில் உவரித் திருவிழாவில் வாங்கி அவன் கட்டிவிட்டது. கயிறு விறைத்துப் போயிருந்தது. கழுத்துக்கு அடியில் கையை விட்டு மறுபடி கட்டினான். முடிச்சு விழ நேரமாயிற்று.

பெரிய சாமியார் நன்றாகப் பேசினார். செபித்துக்கொண்டே உயிர்விட்டாள் என்றார். பகைவரை மன்னித்தாள் என்றார். கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. இஞ்ஞாசி திரும்பிச் சண்முகசுந்தரியைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழியருகே பெட்டியைக் கொண்டுபோனதும் தூக்கியவர்கள் மறுபடியும் நின்றார்கள்.

"தலைமாடு எந்தப் பக்கம்?" என்றான் நாறும்பூநாதன்.

பெரிய சாமியார் பங்குச் சாமியாரைப் பார்த்தார். பங்குச் சாமியார் புத்தகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம்."

மிக்கேலம்மாள்தான். இரண்டு நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "தலை அந்தப் பக்கம் கெடக்கட்டும்."

கார்கள் போய்விட்டன. போலீஸ் வேனும் போய்விட்டது. அப்பாத்துரை ஆட்கள் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்று தங்களுக்குள் பேசிவிட்டுப் போனார்கள். வெயில் சாய்ந்து ஆற்று மணலில் கிடந்தது. இஞ்ஞாசி குத்தவைத்து, கொத்துக் கரண்டியால் செங்கல்லில் ஒட்டியிருந்த பழைய காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டியதை வரிசையாக அடுக்கினான்.

"எதுக்குலே இது? மறுபடி கெட்டவா?" என்றான் நாறும்பூநாதன்.

"கூரை எரிஞ்சு போச்சுல்லா. நம்ம கோயிலுக்கு ஆவும்."

மிக்கேலம்மாள் எழுந்தாள். மண்மேட்டைச் சுற்றி, சுவர் இருந்த இடத்தைத் தாண்டிப் போய், மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். விளக்குமாறும் கையுமாகத் தவிர அந்தப் பக்கம் அவள் போனதில்லை. காலை நீட்டிக்கொண்டாள்.

இடைவெளி வழியாக ஒரு வெள்ளாடு வந்தது. மண்மேட்டை மோந்து பார்த்தது. பெரிய சாமியார் வைத்துவிட்டுப் போன மலர்வளையத்தில் செவ்வந்தியாகப் பார்த்துக் கடிக்கத் தொடங்கியது. மிக்கேலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசி கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

யாரும் அதை விரட்டவில்லை.