வால் சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சை

மூன்றாவது எலுமிச்சம்பழம் நிற்கவே மாட்டேன் என்றது. அத்தை குனிந்து அதை விமானத்தின் வாலுக்கடியில் வைத்தார், அது உருண்டு புல்லுக்குள் போயிற்று. எடுத்து வைத்தார், மறுபடி உருண்டது. முன்னால் இருக்கும் பெரிய சக்கரங்கள் இரண்டுக்கும் பழம் வைத்து, குங்குமம் தொட்டு, எல்லாம் ஆயிற்று. வால் சக்கரம்தான் படுத்தியது. பழமே அதில் பாதி உயரம் இருந்தது.

“என்னம்மா தாரணி இது, பூரி சைஸ்ல ஒரு சக்கரம்? இதுவா இத்தனை பெரிய வண்டியத் தாங்கப் போவுது?”

“தாங்கும் அத்தை. பாரமெல்லாம் முன்னாடி சக்கரத்துலதான். இது சும்மா கூட ஓடி வரும்.”

“ஸ்வல்ப இரு, ஒரு கல்ல முட்டுக் கொடுக்கறேன்” என்று கல் தேடப் போய்விட்டார். ருக்மிணி அத்தைக்கு ஆட்டோவானாலும் ஆகாய விமானமானாலும் பழத்தை நசுக்காமல் கிளம்பக் கூடாது. இன்று இது முதன்முதலாகப் பறக்கப் போகிறது. முதல் தடவை ஒருவர்தான் உட்காரலாம் என்பது விதிமுறை. அந்த ஒருவர் நான்.

இதை நானும் என் கணவர், அத்தையின் மகன் பத்ரிநாத்தும் கட்டினோம். பெங்களூர் அடுகோடியில் ஒரு டிங்கரிங் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே வாடகைக் கொட்டகை; சனி ஞாயிறெல்லாம் அங்கேதான் போயிற்று. பத்ரி பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் டூல் டிசைனர். நான் பகலில் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். கல்யாணத்துக்கு முன்பே ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியவள். சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் “இன்னுமா அந்த ஏரோப்ளேன் முடியல?” என்று கேட்டுக் கேட்டு அலுத்தே போனார்கள். விமானத்தைக் கட்டியதைவிட அனுமதிக் காகிதங்கள் வாங்கத்தான் அதிக நாள் பிடித்தது. மழை ஓய்ந்ததும் லாரியில் ஏற்றி, ஆனேக்கல் தாண்டி ஒரு நண்பரின் தோட்டத்துப் புல் ஓடுதளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

எனக்கும் பத்ரிக்கும் நடந்த பெரிய சண்டை ஒன்றே ஒன்றுதான். அது இந்தப் பூரி சைஸ் சக்கரத்துக்காக நடந்தது. எங்கள் விமானத்தை இரண்டு விதமாகவும் கட்டலாம். மூன்றாம் சக்கரத்தை மூக்குக்கடியில் வைத்தால் தரையில் தானாக நேரே ஓடும், யார் வேண்டுமானாலும் இறக்கலாம். வாலில் வைத்தால் கனத்தின் மையம் பெரிய சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் போய்விடும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைத் திருப்பிப் பிடித்துத் தள்ளுவது மாதிரி, கொஞ்சம் அசந்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். பத்ரிக்கு மூக்குச் சக்கரம்தான் வேண்டும். எனக்கு அது ஆகாது. நாங்கள் இறங்கப் போவது தார் ரோட்டில் இல்லை, பெருச்சாளி வளை தோண்டுகிற புல்தரை. மூக்குச் சக்கரம் ஒரு வளையில் மாட்டினால் அதன் கால் முறிந்து மூக்கிலுள்ள விசிறி மண்ணில் குத்தும். நான் படித்ததே வால் சக்கர விமானத்தில்தான். ஒரு வாரம் கத்தினேன். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: “ஓட்டறது நீ. கீழ நின்னு பாக்கறது நான். அத மட்டும் ஞாபகம் வச்சுக்க.” சொல்லிவிட்டு வால் சக்கரத்தை அவரே பூட்டினார். அவ்வளவு அழகாகப் பூட்டினார்.

அதற்குப் பதிலாக ட்ரிம் அவர் பொறுப்பு என்று பேச்சு. வாலில் படுக்கையாக இருக்கும் மடலுக்குப் பெயர் எலிவேட்டர். கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை இழுத்தால் அது மேலே எழும், விமானம் மூக்கைத் தூக்கும். ஆனால் பறக்கிற நேரமெல்லாம் கையால் இழுத்துக்கொண்டே இருக்க முடியுமா, தோள் விட்டுப் போகும். அதற்காக அந்த மடலின் ஓரத்திலேயே உள்ளங்கை அகலத்தில் இன்னொரு குட்டி மடல், அதுதான் ட்ரிம். இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் லீவரை நகர்த்தி அதைச் சரியாக வைத்துவிட்டால், காற்றே எலிவேட்டரைப் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூக்கு மேலே போக வேண்டுமென்றால் குட்டி மடல் கீழே இறங்க வேண்டும். கீழே இறங்கிய அதைக் காற்று மேலே தள்ளும், கூடவே பெரிய மடலும் எழும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நான் பட்டன் அழுத்தினால் வேலை செய்கிற மோட்டார் வைக்கலாம் என்றேன். பத்ரி கேட்கவில்லை. “மோட்டார் பாதியில நின்னா? கேபிள்னா என் கண்ணு முன்னாடி இருக்கும்” என்று கம்பி கோத்து லீவர் வைத்தார்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்குள் உண்டு. முடுக்குகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். சரிபார்த்ததும் போல்ட் மேல் என் சிவப்பு நெயில் பாலிஷ். போல்ட் அசைந்தால் பாலிஷ் விரிசல் விடும், காட்டிக் கொடுத்துவிடும். பத்ரிதான் முடுக்குவார், நான் பாலிஷ் வைப்பேன். எனக்குப் பொறுமை ஏது, சொட்டுச் சொட்டாக அப்பித்தான் வைப்பேன். “போல்ட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு” என்று கிண்டல் செய்வார்.

அத்தை கல்லோடு வருவதற்குள் நான் விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இறக்கை, எண்ணெய், விசிறி. வாலுக்கு வந்தேன். ட்ரிம் கேபிள் மாட்டியிருக்கும் இடத்தில் பாலிஷ் இருந்தது. ஆனால் சொட்டு இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு நேர்கோடு.

என் வாழ்நாளில் நான் அப்படியொரு கோடு போட்டதில்லை.

“லாயிட், அந்த லீவரக் கொஞ்சம் பின்னாடி இழு” என்றேன். லாயிட் ஆஸ்டின் டவுன்காரன், என்னோடு ஃப்ளையிங் கிளப்பில் படித்தவன். தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு காவலுக்கு நின்றான். உள்ளே கைவிட்டு லீவரை இழுத்தான். பின்னால் இழுத்தால் மூக்கு மேலே. குட்டி மடல் கீழே இறங்க வேண்டும்.

மேலே எழுந்தது.

“முன்னாடி தள்ளு.” கீழே இறங்கியது.

“பத்ரி!” நான் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்காயெல்லாம் பறந்தன. “இது யாரு மாட்டினது?”

ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தவர், கோட்டைப் பார்த்தார், மடலைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நான்தான்.”

“எப்போ?”

“ஆயுத பூஜைக்கு. எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு எண்ண போட்டேன்ல… திருப்பி மாட்டி லீவர இழுத்துப் பாத்தேன். ராம்கி சித்தப்பா பக்கத்துல நின்னாரு. ‘லீவர்ல மேலன்னு எழுதியிருக்கு, கீழ போவுதே?’ன்னாரு. எனக்கு டக்குனு, அய்யோ கேபிள மாத்தி மாட்டிட்டமேன்னு… கழட்டி மாத்திட்டேன். நீ அங்க எல்லாருக்கும் சுண்டல் குடுத்துட்டிருந்த. சந்தனம் வைக்கற நேரம் ஆயிருச்சு. பாலிஷ் நானே வச்சுட்டேன்.”

சரியாக இருந்ததைத்தான் மாற்றியிருக்கிறார். பூஜை போடுகிறேன் என்று கழற்றி, பூஜைக்கு நேரமாகிறது என்று மாட்டி, அதன் மேல் குங்குமப் பொட்டும் வைத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கவனிக்காமல் ஏறியிருந்தால்? மூக்கு கனக்கும், லீவரை இழுப்பேன், இன்னும் கனக்கும், இன்னும் இழுப்பேன். ஓடுதளத்தின் முடிவில் யூகலிப்டஸ் வரிசை. பயமாக இருந்தது. அதை மறைக்க இன்னும் கத்தினேன். “கொன்னுருப்ப பத்ரி! இத வரைஞ்சதே நீ! உனக்கா தெரியாது?”

பத்ரி விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். அத்தை கல்லோடு வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, பழத்துக்கு அதை முட்டுக் கொடுத்தார்.

“வேணாம் தாரு,” என்றார் பத்ரி. “இன்னிக்கின்னு இல்ல. எப்பவுமே வேணாம். வித்துரலாம். எது எது எப்படி மாட்டினேன்னு எனக்கே நம்பிக்க போச்சு. என் கைய நம்பி நீ ஏறாத.”

லாயிட் என்னைத் தனியே இழுத்தான். “டென்ஷன் ஆகாத மேன். ஸ்பேனர் குடு, நான் மாட்டித் தர்றேன். அவரப் பாரு, உக்காந்தே போயிட்டாரு.”

லாயிட் நன்றாகவே மாட்டுவான். ஆனால் அவன் மாட்டினால் இந்த ஒரு கேபிள்தான் சரியாகும். மற்ற ஆயிரம் போல்ட்டையும் யார் மாட்டியது? பத்ரியின் கையை நம்ப முடியாதென்றால் இந்த விமானத்தில் நம்ப என்ன இருக்கிறது? அதுவும் போகட்டும். இன்றைக்கு இவரை இப்படியே புல்லில் உட்காரவிட்டால் இவர் இனி ஸ்பேனரைத் தொடவே மாட்டார். எனக்குத் தெரியும், நான் கட்டிக்கொண்ட ஆள்.

டூல் பாக்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொம்மென்று வைத்தேன்.

“நீதான் கழட்டற. நீதான் மாட்டற. நான் பாப்பேன். அதான நம்ம வழக்கம்? அத விட்டதுதான் தப்பு, உன் கை இல்ல.”

“தாரு…”

“எழுந்திரு. வெயில் ஏறுது.”

எழுந்தார். முதல் போல்ட்டில் ஸ்பேனர் இரண்டு தரம் வழுக்கியது. அத்தை முந்தானையால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். அதன் பிறகு கை பழைய கையாகிவிட்டது. மாட்டி முடித்ததும் லாயிட் லீவரை இழுத்தான், குட்டி மடல் கீழே போயிற்று. தள்ளினான், மேலே வந்தது. நான் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன், கேபிளைத் தடவிப் பார்த்தேன். அதோடு விடாமல் பூஜைக்குக் கழற்றியதையெல்லாம் மூக்கிலிருந்து வால்வரை பார்த்தோம். பிறகு கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து, அந்த நேர்கோட்டை அழித்துவிட்டு, எனக்கு வந்தபடி அப்பினேன்.

“அம்மை போட்டுருச்சு” என்றார் பத்ரி. சிரிக்கவில்லை. ஆனால் சொன்னார், அது போதும்.

ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். விமானம் நகர்ந்தது, முன் சக்கரங்கள் இரண்டு பழத்தையும் சப்பென்று நசுக்கின. வால் சக்கரம் மட்டும் பழத்தைத் தட்டிவிட்டு ஒதுங்கிப் போயிற்று. அத்தை வாயில் கை வைத்தார். பத்ரி ஓடிவந்து அதைப் பொறுக்கிக்கொண்டது தெரிந்தது. காற்று நேர் எதிரே, நல்ல காற்று. த்ராட்டிலைத் தள்ளினேன். கொஞ்ச தூரத்தில் வால் எழுந்தது, மறைத்துக்கொண்டிருந்த மூக்கு இறங்கி மொத்த ஓடுதளமும் கண்ணுக்கு முன்னால் திறந்தது. வாலை நேராக வைக்கும் பெடல்களில் கால் இரண்டும் தானாகவே வேலை செய்தன. அடுத்த மூச்சில் தரை இல்லை. யூகலிப்டஸ் மரங்கள் காலுக்குக் கீழே போயின. அடடா என்று வாய்விட்டுச் சொன்னேன், கேட்கத்தான் ஆளில்லை.

உயரம் வந்ததும் நேராகப் பிடித்தேன். மூக்கு லேசாகக் கனத்தது, முழங்கை இழுபட்டது. இடது கையால் ட்ரிம் லீவரைத் தொட்டேன். கொஞ்சமே பின்னால் இழுத்தேன். கனம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். கையில் ஒன்றுமே இல்லை.

ரேடியோ கரகரத்தது. “தாரு. ட்ரிம் எப்படி இருக்கு?”

விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டிக்கிலிருந்து எடுத்தேன். பேச மட்டும் பட்டனைத் தொட்டேன். “ரெண்டு கையும் மடியில வச்சிட்டு உக்காந்திருக்கேன் பத்ரி. அதுவா போவுது.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது, பட்டனை அழுத்திவிட்டுப் பேச மறந்திருக்கிறார். பின்னால் அத்தை ஏதோ சொன்னார்.

“அம்மா கேக்கறாங்க, மூணாவது பழத்த என்ன பண்றதுன்னு.”

“வச்சிரு. எறங்கி வந்து நசுக்கிக்கலாம்.”

“எங்க வைக்க?”

“எறங்கி ஓடி நான் எங்க வந்து நிப்பேன்னு நீயே சொல்லு.”

கீழே பச்சைக் கோடாக ஓடுதளம் தெரிந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு சின்ன உருவம் பிரிந்து புல்லுக்கு நடுவே நடந்தது. ஓரிடத்தில் நின்றது, குனிந்தது, எதையோ வைத்தது. பிறகு விலகி ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டது. நான் கையை ஸ்டிக் மேல் வைத்து, அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பினேன்.